மிசிர்யோங் மலையில் பஸ்ஸை முந்திய வண்டி

மிசிர்யோங் கணவாயின் பழைய மலைப்பாதையில், எட்டு மூட்டை சிமென்ட்டை ஏற்றிக்கொண்டு, செங்குத்தான ஏற்றத்தில், சியோலுக்குப் போகும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸைத் தன் டர்போ டீசல் வண்டி முந்தியது என்பார் பியோ மான்சு. சும்மா முந்தவில்லை. தன் பஸ்தான் பின்னோக்கிப் போகிறதோ என்று பயந்து அதன் டிரைவரே பிரேக்கை மிதித்துவிட்டாராம். உள்ளே இருந்த ஒரு கிழவரின் தொப்பி, மூடியிருந்த ஜன்னல் வழியாகவே பறந்து போனதாம். கடைசி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அந்த வேகத்தைக் கண்ணால் பார்க்கத் தாங்காமல், ஸ்கார்ஃபால் முகத்தை மூடிக்கொண்டாளாம்.

"விடாம ஹாரன் அடிச்சேன்! கைய வெளிய நீட்டி ஆட்டினேன்! பஸ்ஸே எனக்கு சல்யூட் அடிச்சது!"

சோக்சோ நகரத்துப் பொதுக் குளியலறையில், வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு மூழ்கியிருந்த அத்தனை பேரும் இந்தக் கதையை மனப்பாடமாக அறிவார்கள். ஆரம்பத்தில் சிமென்ட் மூன்று மூட்டைதான். வருஷம் ஏற ஏற மூட்டையும் ஏறியது. ஒருவரும் நம்பவில்லை, ஆனால் எல்லோரும் சிரித்தார்கள்.

மான்சுவின் மனைவி ஒக்சிம் சிரிக்கக்கூட மாட்டாள். யார் வீட்டு விருந்தாக இருந்தாலும் சரி, கதை பஸ்ஸின் பின்பக்கத்தை நெருங்கும்போதே எழுந்துவிடுவாள்.

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல."

அவ்வளவுதான். தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

அப்பேர்ப்பட்ட வண்டியை ஒரு திங்கட்கிழமை காலை, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் மேட்டில், தயிர்பானம் விற்கும் அம்மாளின் மின்சாரத் தள்ளுவண்டி முந்திக்கொண்டு போனது.

"ஐயா, தள்ளி விடட்டா?"

"வேணாம். இன்ஜினச் சூடு பண்ணிட்டிருக்கேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க," என்றபடி அந்த அம்மாள் வளைவில் மறைந்தாள். மான்சுவின் வண்டி இருமியது. பின்னால் கறுப்பாக ஒரு புகை கிளம்பி, பூத்திருந்த செர்ரி மரத்தைத் துக்க வீட்டு மரமாக்கியது.

நேரம் கெட்ட நேரம். வெள்ளிக்கிழமை வண்டிக்குப் புகைச் சோதனை. சனிக்கிழமை சியோலில் மகள் செபோமின் குழந்தைக்கு நூறாம் நாள் விருந்து. போன வருஷமே செபோம் அப்பாவிடம் கறாராகப் பேசியிருந்தாள்: "அடுத்த சோதனையில தேறலேன்னா வண்டி உடைக்கப் போயிடணும். சத்தியம் பண்ணுங்கப்பா." மான்சுவும் சத்தியம் செய்திருந்தார். சத்தியம் செய்தபோது வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் செய்திருப்பாரா?

வண்டி போனால் வேறு வண்டி வாங்கலாம். மான்சுவின் கவலை அதுவல்ல. இரும்புக்கடைக்காரராகவே ஓய்வுபெற்ற ஒரு மனிதரின் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி நடந்தது அந்த ஒரு பிற்பகல்தான். அதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த வண்டி. சோதனையில் தேறி, பழைய மலைப்பாதை வழியாகவே ஒக்சிமைச் சியோலுக்குக் கூட்டிப்போய், எந்த வளைவில் முந்தினார் என்று காட்டி, அவள் வாயால் "நடந்ததுதான்" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வைத்துவிட வேண்டும். அப்புறம் வண்டி எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை.

"பஸ்ஸெல்லாம் இப்ப சுரங்கத்துக்குள்ள போகுது," என்றாள் ஒக்சிம். "மலை மேல நீங்க யாரை முந்தப் போறீங்க? காட்டுப் பன்னியவா?"

"முந்த வேணாம். நீ பக்கத்துல உக்காரு. அந்த வளைவக் காட்டறேன். அது போதும்."

"வண்டி வாங்கி இத்தன வருஷத்துல ஒரு நாள் அந்த மலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கீங்களா?"

மான்சு யோசித்துப் பார்த்தார். சிமென்ட் போயிருக்கிறது. கம்பிச்சுருள் போயிருக்கிறது. ஒரு தடவை யாரோ ஒருவரின் ஆடுகூடப் போயிருக்கிறது.

"அதான் இப்பக் கூப்பிடறேனே," என்றார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

* * *

துறைமுகத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் கன்பே, வண்டியின் மூடியைத் திறந்து, ஒரு கைப்பம்பை எடுத்து மெல்லிய ரப்பர் ஓஸ்களில் மாட்டி இழுத்துப் பார்த்தான். ஊசி ஏறி அப்படியே நின்றது.

"வேக்குவம் ஓஸ் ரெண்டும் நல்லாருக்கு அண்ணே. பம்பு காத்த உறிஞ்சுது. அந்த இழுவையில ஒரு ஓஸ் டர்போவ அசைக்கும், இன்னொண்ணு இந்த ஈ.ஜி.ஆர். வால்வ அசைக்கும். கோளாறு இந்த வால்வுலதான்."

"அது என்னடா பண்ணுது?"

"இன்ஜின் வெளிய விடற புகையில கொஞ்சத்த மறுபடி அது மூக்குக்கே அனுப்பும். ஊரு காத்து கெடக் கூடாதுன்னு வெச்சது. இப்ப கரி அடைச்சு, திறந்த வாய் மூடாம நிக்குது. தான் விட்ட புகையையே தின்னுக்கிட்டு மேடு ஏறுன்னா எப்படி ஏறும்? உங்க பஸ் கதை மாதிரிதான் அண்ணே. வெளிய விட்டதையே திரும்பத் திரும்ப உள்ள இழுத்துக்குது."

மான்சுவுக்குச் சுருக்கென்றது. "கழட்டிச் சுத்தம் பண்ணாச் சரியாயிடுமா?"

"ஆயிடும். புதன்கிழமை காலையில விட்டுட்டுப் போங்க."

"ரெண்டு நட்டுக்குப் புதன்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமா? நானே கழட்டிக்கிறேன்."

"அண்ணே, வேணாம்."

"ஆயுசு பூரா இரும்புக்கடை வெச்சிருந்தவன்கிட்ட நட்டு பத்திப் பேசறியாடா?"

"நட்டு வித்தீங்க அண்ணே. முறுக்கினதில்லையே."

அந்தச் சொல்தான் மான்சுவைக் கெடுத்தது. கன்பே அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மான்சுவும் அதைக் காதில் வாங்காமல் புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போயிருந்தால் இன்றைக்கும் அந்த வண்டி சோக்சோ வீதிகளில் இருமிக்கொண்டு திரிந்திருக்கும்.

அன்று மதியம் ஒக்சிம் கடைக்குப் போன நேரம் பார்த்து, கிம்ச்சி ஊறுகாய் போடும் பெரிய சிவப்பு ரப்பர் தொட்டியை வண்டி நிறுத்துமிடத்துக்கு இறக்கினார். அதில் மண்ணெண்ணெய் ஊற்றினார். வால்வைக் கழற்ற ஸ்பேனரை உள்ளே விட்டால், பேட்டரிக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று இடித்தது. வெள்ளை நூலால் சுற்றிக் கட்டிய ஒரு காய்ந்த மியோங்தே மீன். புது வண்டிக்கு விபத்து வராமல் இருக்க எல்லோரும் கட்டுவதுதான். வண்டி வாங்கிய புதிதில் ஒக்சிம் கட்டியது. இத்தனை வருஷச் சூட்டில் கட்டையாகி, மணமும் குணமும் போய், பேட்டரியின் உடன்பிறப்பு மாதிரி ஆகியிருந்தது. நூலை அறுத்து, சாப்பாட்டுக் கழிவுத் தொட்டியில் கருவாட்டைப் போட்டுவிட்டு வந்தார்.

வால்வுக்குள் இருந்த கரியை வைத்து ஒரு மலை ரயிலை ஒரு வாரம் ஓட்டியிருக்கலாம். மான்சு சாப்பாட்டுக் கரண்டியால் சுரண்டினார். உள்ளே இருந்த வழவழப்பான வளையத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதையும் விடாமல் சுரண்டினார். இரண்டு ஓஸ்களையும் கழற்றித் துடைத்துப் பளபளவென்று மாட்டினார். சாவியைத் திருப்பி ஆக்சிலேட்டரை மிதித்தார்.

அன்றைக்குச் சோக்சோவில் நண்பகலில் இருட்டியது. கோழிகள் அடைந்துவிட்டன. கலங்கரை விளக்கத்தைப் போட்டுவிட்டார்கள் என்றுகூடச் சொல்வார்கள். நான்காவது மாடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டிருந்தவர், மாலையில் கறுப்புச் சட்டையை மடித்து வைத்தார்.

வீட்டுக்கு வீடு சுவரில் பொருத்தியிருக்கும் ஒலிபெருக்கி கரகரத்தது. "நிர்வாக அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு. கீழே வண்டியை வைத்துப் புகை போடுபவர் உடனடியாக நிறுத்தவும். கொசு மருந்து அடிப்பதாக நினைத்துக் குழந்தைகள் பின்னால் ஓடுகிறார்கள்."

மான்சு வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்தினார். ஒக்சிம் கடையிலிருந்து திரும்பி முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த அறிவிப்பு வந்தது.

"மேலும் ஓர் அறிவிப்பு. சாப்பாட்டுக் கழிவுத் தொட்டியில் வெள்ளை நூல் சுற்றிய கருவாடு ஒன்று கிடக்கிறது. நூல் சாப்பாட்டுக் கழிவில் சேராது. மீனும் மீனாக இல்லை. தொட்டியின் இயந்திரப் பல் உடைந்துவிட்டது. போட்டவர் வந்து எடுத்துப் போகவும்."

கத்தி நின்றது.

"அத எறிஞ்சிட்டீங்களா?"

"எத?"

"கருவாட்ட."

"ஸ்பேனர் போக மாட்டேன்னுச்சு. அது செத்துப் பல வருஷமாச்சு ஒக்சிம்."

அவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள். வீட்டுக்குள் போடும் செருப்போடேயே தெருவுக்குப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிப் போய் மான்சு பார்த்ததில்லை. நம் வீட்டுக் கருவாடு என்று ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று போகிறாள்போல, என்று எண்ணிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஏப்ரன் பைக்குள் கையை விட்டபடி திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. ஊரே புகையில் கண் சிவந்திருந்ததால் மான்சு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கோவமா?"

"வண்டிக்குக் காவல் இல்லாமப் போச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு முள்ளங்கியை எடுத்தாள்.

கன்பேக்குப் போன் போட்டு, வண்டி எப்படிக் கத்துகிறது என்பதை மான்சு தன் வாயாலேயே கத்திக் காட்டினார்.

"ஓஸக் கழட்டினீங்களா அண்ணே?"

"ரெண்டையும் கழட்டித் துடைச்சு மாட்டினேன்."

"எத எதுல மாட்டினீங்க?"

மான்சு போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மாத்தி மாட்டிட்டீங்க. டர்போவ இழுக்க வேண்டிய நேரத்துல வால்வ வாய் பொளக்க வெச்சிருக்கீங்க. ரெண்டையும் திருப்பி மாட்டுங்க. வேற எதையும் தொடாதீங்க. என் அப்பன் மேல ஆணை, தொடாதீங்க."

திருப்பி மாட்டியதும் வண்டிக்கு உயிர் வந்தது. கொஞ்சம் புகைதான் நிற்கவில்லை. மறுநாள் ஒக்சிம் மீன் சந்தைக்குப் போய்ப் புதிய மியோங்தே கருவாடு ஒன்றை வாங்கி வந்தாள். கொழுத்துப் பொன்னிறத்தில், மணம் மூன்று தெருவுக்கு வீசும் உயர்ந்த சரக்கு. வெள்ளை நூல் சுற்றி, இன்ஜினுக்குப் பக்கத்தில் தன் கையால் கட்டினாள். குடியிருப்பின் சுவர்மேல் படுத்திருந்த மஞ்சள் பூனை ஒன்று இதையெல்லாம் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை வண்டிக்கு இழுவை இல்லை. மூடியைத் திறந்தால் டர்போவின் ஓஸ் நார்நாராகக் கிடந்தது.

"பழைய ரப்பர். வெடிச்சுப்போச்சு," என்று மான்சு தீர்ப்புச் சொன்னார். முதுகுவலிக்கு ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டையை எடுத்து ஓஸைச் சுற்றி ஒட்டினார். சில்லென்று பச்சைக் கற்பூர வாசனை வந்தது. ஊசி நின்றது. "பாத்தியா? மனுஷனுக்கு ஒண்ணு, மிஷினுக்கு ஒண்ணு கிடையாது."

"கருவாடு பாதிதான் இருக்கு," என்றாள் ஒக்சிம், உள்ளே எட்டிப் பார்த்து.

"சூட்டுல சுருங்கியிருக்கும்."

"பாவம், அதால ஒத்தையாத் தாங்க முடியல." இன்னொரு கருவாடு கட்டினாள்.

வியாழக்கிழமை வால்வின் ஓஸ் போயிருந்தது. மருந்து ஒட்டிய ஓஸை மட்டும் எதுவும் தொடவில்லை. மான்சு வண்டியை உருட்டிக்கொண்டு கன்பேயிடம் போனார். கன்பே வால்வுக்குள் விளக்கடித்துப் பார்த்து நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

"எதால சுரண்டினீங்க?"

"கரண்டியால."

"வால்வு உக்கார்ற வளையத்தையே தோண்டி வெச்சிருக்கீங்க. இனி இது மூடாது. புது வால்வுதான். திங்கக்கிழமை வரும்."

"நாளைக்குச் சோதனைடா!"

"புதன்கிழமை விட்டுட்டுப் போங்கன்னுதானே அண்ணே சொன்னேன். அதுக்குள்ள நீங்க..." என்று ஆரம்பித்தவன், மான்சுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஓஸ்களை மட்டும் மாற்றி, சும்மா அனுப்பி வைத்தான்.

மான்சு வீட்டுக்குத் திரும்பி நெடுநேரம் யோசித்தார். மூடாத வால்வை என்ன செய்வது? வழியை அடைத்துவிட்டால்? அடுக்களையில் சூரை மீன் டப்பா ஒன்று இருந்தது. மீனைத் தின்றுவிட்டு, அதன் மூடியைக் கத்தரியால் வட்டமாக வெட்டி, வால்வுக்கும் குழாய்க்கும் நடுவே வைத்து நட்டை முறுக்கினார். ஆம், முறுக்கினார். புகை நின்றது. புத்தம்புது ஓஸ்களுக்கும் முன்னெச்சரிக்கையாக முதுகுவலி மருந்தை ஒட்டினார். ஆக்சிலேட்டரை மிதித்து மலையைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார். வண்டி பாய்ந்த பாய்ச்சலில் துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் கயிற்றை இழுத்தன.

"ஒக்சிம்! அன்னைக்கு இருந்த அதே வண்டி! அதே சத்தம்!"

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அதே முகத்தை மான்சு முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறார். பஸ்ஸை முந்திய அன்றே பார்த்தார். மலைக்கு அப்பால் இன்ஜே ஊரில் சிமென்ட்டை இறக்கிவிட்டு வீடு திரும்பியபோது, வழக்கமில்லாத வழக்கமாக மேசையில் சுடச்சுட மியோங்தே சூப் காத்திருந்தது. அவர் நடந்ததைச் சொன்னார். அந்த ஒரு தடவை ஒக்சிம் எழுந்து போகவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கடைசி வரை கேட்டாள். "எதுக்கு அவ்வளவு வேகமாப் போனீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சும்மாதான். வண்டி எவ்வளவு இழுக்குதுன்னு பாக்கத்தான்."

அப்போது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அதிலிருந்துதான் அவள் நம்பாதவளானாள். வேறு எதையாவது சொல்லியிருக்க வேண்டுமோ என்று மான்சுவுக்கு எப்போதாவது தோன்றும். எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் தெரியாது.

அன்று மாலை ஒக்சிம் மூன்றாவது கருவாட்டையும் கட்டினாள்.

* * *

வெள்ளிக்கிழமை சோதனை நிலையத்துக்கு இருவரும் பெட்டியோடு போனார்கள். தேறியதும் நேராக மலையேறுவதாக ஏற்பாடு. சோதனைக்காரர் இளைஞர், வெள்ளைக் கையுறை போட்டவர். மூடியைத் திறக்கும் முன் வழக்கப்படி அதன்மேல் இரண்டு தட்டு தட்டினார்.

உள்ளிருந்து "மியாவ்" என்று பதில் வந்தது.

"ஐயா, வண்டிக்குள்ள யாரோ இருக்காங்க."

மூடியைத் திறந்தார். இன்ஜின் சூட்டில் கால்களைப் பரப்பிக்கொண்டு மஞ்சள் பூனை படுத்திருந்தது. இந்த வாரத்தில் அது ஒரு சின்னக் கன்றுக்குட்டி அளவுக்கு ஊதியிருந்தது. பக்கத்தில் தின்றதும் தின்னாததுமாக மூன்று கருவாடுகள். எல்லாக் குழாய்களிலும் முதுகுவலி மருந்து. சூரை மீன் எண்ணெயின் வாடை.

இளைஞர் கையுறையைக் கழற்றி மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஐயா, இது வண்டியா, மீன் சந்தையா?"

ஒக்சிம் பூனையைப் பார்த்தாள். கருவாட்டைப் பார்த்தாள். கடித்துக் குதறிய பழைய ஓஸ்கள் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "நான்தாங்க," என்றாள் மெல்ல. "காவலுக்குக் கட்டினேன். நானே கூப்பிட்டு விருந்து வெச்சிருக்கேன்."

"விடு ஒக்சிம். நானும் பழையத எறிஞ்சிருக்கக் கூடாது. அத எந்தப் பூனையும் திரும்பிப் பாத்திருக்காது."

பூனையை இறக்கிவிட்டு, வண்டியை உருளைகளின் மேல் ஏற்றினார்கள். சோதனைக்காரர் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தார். டர்போ பாடியது. புகைமானி அசையவே இல்லை. சக்கரம் சுற்றிய சுற்றில் நிலையத்தின் கூரைத் தகடு ஆடியது. மான்சு ஒக்சிமின் கையைப் பிடித்துக்கொண்டார். கடைத்தெருவில்கூட அவர் அவள் கையைப் பிடித்தவரல்ல.

"கேக்குதா? இதான்! இதே சத்தம்தான் அன்னைக்கும்!"

"கேக்குது," என்றாள் அவள்.

அந்த நேரத்தில் இன்ஜினுக்குள் "டங்" என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெட்டி நிறைய ஆணிகளை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி வேறொரு சத்தம். இரும்புக்கடைக்காரருக்குத் தெரியாத சத்தமா அது? பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

கன்பே வந்து வால்வைக் கழற்றினான். டப்பா மூடியில் பாதி அவன் விரலிடுக்கில் வந்தது. "சாப்பிட உகந்த கடைசித் தேதி" என்று அதில் அச்சடித்திருந்தது. தேதியைக் காணோம்.

"மீதிப் பாதி எங்கண்ணே?"

மீதிப் பாதி எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். இன்ஜின் அதை விழுங்கியிருந்தது.

"நான் ஒரு நாளு முன்னாடியே வாங்கன்னு சொல்லியிருக்கலாம்," என்றான் கன்பே. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மான்சுவுக்கு.

* * *

சனிக்கிழமை காலை, சியோல் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், வண்டியை உடைக்கும் இடத்துக்கு எடுத்துப்போக லாரி வந்தது. லாரிக்காரர் கொக்கியை மாட்டிவிட்டு, "உள்ள எடுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா ஐயா?" என்று கேட்டார்.

மான்சு உள்ளே கையை விட்டுப் பார்த்தார். ஒரு குடை, இரண்டு நட்டு, ஒரு கிழிந்த சிமென்ட் மூட்டையின் காகிதம். ஒன்றையும் எடுக்கவில்லை. வண்டியின் முதுகைத் தடவினார்.

"தம்பி, இத மெதுவா இழுத்துட்டுப் போ. இது மிசிர்யோங் ஏத்தத்துல சியோல் எக்ஸ்பிரஸ் பஸ்ஸ முந்தின வண்டி." வாய் பழக்கத்தில் எட்டு மூட்டை என்று தொடங்கியவர், நிறுத்தினார். "மூணு மூட்டை சிமென்ட்டோட. தொப்பி எதுவும் பறக்கல, டிரைவரும் பிரேக்கெல்லாம் அடிக்கல. ஆனா முந்தினேன். கடைசி ஜன்னல்ல ஒரு பொம்பள மூஞ்சிய மூடிக்கிட்டா. அது நெசம். இவ நம்ப மாட்டா. இவளுக்கு அந்த வளைவக் காட்டணும்னு நெனச்சேன். கூட்டிட்டுப் போயிருக்கணும். எத்தனையோ வருஷம் இருந்துச்சு. போகல."

லாரிக்காரர் சிரித்து வைத்தார். "நெசமாவாம்மா?" என்று ஒக்சிமைப் பார்த்துக் கேட்டார்.

மான்சு அந்தப் பழைய பதிலுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒக்சிம் கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையில் பொதிந்திருந்த ஒன்றைப் பிரித்தாள். கட்டையாய்ப் போன பழைய கருவாடு. அறுந்த வெள்ளை நூலை யாரோ முடிச்சுப் போட்டுச் சரிசெய்திருந்தார்கள்.

"நடந்துச்சு தம்பி," என்றாள். "மூஞ்சிய மூடிக்கிட்டது நான்தான், பெட்டியோட இவரை விட்டுட்டுப் போயிட்டிருந்தேன், இவர் ஹாரன் அடிச்சுக் கைய ஆட்டினதப் பாத்து, என்னைத் திரும்பக் கூப்பிடத்தான் துரத்திட்டு வர்றாருன்னு நெனச்சு மலைக்கு அந்தப் பக்கம் யோங்தேயில இறங்கி, இந்தக் கருவாட்ட வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்."